ஐஸ் தொட்டிக்குள் வெயில்

விடிந்தும் விடியாததுமாக மீன் லாரி ஐஸ் கம்பெனி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. உள்ளே மூன்று பேர் தொட்டி ஓரத்தில் குனிந்து ஒரு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று மாலை பூஜ்ஜியத்துக்கு நன்றாகக் கீழே இருந்த முள் இப்போது பூஜ்ஜியத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"போச்சு," என்றார் முதலாளி. "வெளிய கத்துறானே, அவனுக்கு என்ன பதில் சொல்றது இன்ஜினியரம்மா? ஐஸ் தண்ணியாப் போச்சு, பாட்டில் எடுத்துட்டு வாப்பான்னு சொல்லவா?"

இன்ஜினியர் தொட்டியைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். மின் நிலையத்தில் பல வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியவள் அவள். தொழிற்சாலைக் கூரைகளில் சூரியத் தகடுகளைத் தன் செலவில் பதித்து, அதில் வரும் மின்சாரத்தை அந்தத் தொழிற்சாலைக்கே விற்பதுதான் தொழில். கூட்டாளி, இப்போது பக்கத்தில் குனிந்திருக்கும் கணவரின் தம்பி. இந்த ஐஸ் கம்பெனியின் கூரைதான் அவர்கள் குறிவைத்த முதல் கூரை.

சிக்கல் ஒன்றுதான். இங்கே ஐஸ் தயாராவது இரவில். வெயில் அடிப்பதோ பகலில். பகல் மின்சாரத்தைச் சேமிக்க அறை நிறையப் பேட்டரி வேண்டும் என்று முன்பு வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். விலையைக் கேட்ட முதலாளி அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். இவள் வந்து தொட்டியைப் பார்த்தாள். "பேட்டரி எதுக்குங்க? இதுவே பேட்டரிதானே" என்றாள்.

அவள் சொன்னதில் மந்திரம் எதுவும் இல்லை. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். உப்பு இருப்பதால் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்கள் வரிசையாக நிற்கும். இயந்திரம் உப்புத் தண்ணீரைக் குளிர வைக்க, அந்தக் குளிரில் டப்பாத் தண்ணீர் கட்டியாகும். கட்டியானதும் தூக்கிவிடுவது இங்கே வழக்கம். பகலிலேயே உறைய வைத்துவிட்டு, தூக்காமல் அப்படியே விட்டால்? சுற்றிலும் கடுங்குளிர், மேலே கனமான மரமூடி. இயந்திரத்தை நிறுத்தினாலும் கட்டி காலைவரை எங்கே போகும்?

"சொல்றது எல்லாம் சரி, செஞ்சு காட்டுங்க," என்றிருந்தார் முதலாளி. சாதாரண மின்சாரத்திலேயே ஒரு பகல் ஐஸ் போடுவது, மாலையில் நிறுத்துவது, காலையில் லாரிக்கு ஏற்றுவது. தேறவில்லை என்றால் கூரையைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது.

நேற்று அப்படியே செய்தாயிற்று. இப்போது முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. ஆனால் அவள் கண் முள்ளில் இல்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இங்க ஒரு கொறகொற சத்தம் இருக்கணுமே, எங்க அது?"

"எல்லாத்தையும் அணைன்னு சொன்னீங்களே அண்ணி. அணைச்சுட்டேன்."

"கலக்கியையுமா?"

"அதுவும் எல்லாத்துலதானே சேரும்?"

கலக்கி என்பது தொட்டி மூலையில் சுற்றும் சின்ன மின்விசிறி போன்ற ஒன்று. உப்புத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓட வைக்கும். இந்தக் கூடத்து விளக்குகள் தின்பதைவிடக் குறைவாகத்தான் மின்சாரம் தின்னும்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதலாளி, இந்த வெப்பமானி எவ்வளவு ஆழத்துல இருக்கு?"

"மேலாப்புலதான். குனிஞ்சு பார்க்க வசதியா இருக்கட்டும்னு."

"அதான். கலக்கலைன்னா குளிர்ந்த தண்ணி கனத்து அடியில போயிடும். கொஞ்சம் சூடானது மேல வந்து உக்காந்துக்கும். நம்ம மேல் மாடியை மட்டும் பார்த்துட்டு வீடே எரியுதுன்னு கத்திட்டு இருக்கோம்."

"அது உங்க கணக்கு. என் கஸ்டமர் வெளிய நிக்கிறான்."

"ரெண்டு நிமிஷம் நில்லுங்க."

அவளே போய்க் கலக்கியின் சுவிட்சைப் போட்டாள். கொறகொறவென்று சத்தம் எழுந்தது. அடித்தண்ணீர் புரண்டு மேலே வந்தது. முள் நடுங்கியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. பூஜ்ஜியத்தைத் தாண்டி, இன்னும் கீழே, நேற்று மாலை இருந்த இடத்துக்குச் சற்று மேலே போய் நின்றது.

"முள்ளை நான் நம்ப மாட்டேன்," என்ற முதலாளி ஒரு டப்பாவைத் தூக்கச் சொன்னார். கட்டியைத் தரையில் சரித்து, இரும்புக் கொக்கியால் நடுவில் ஓங்கிப் போட்டார். கட்டியில் கடைசியாக உறைவது நடுப்பகுதிதான். கோளாறு இருந்தால் தண்ணீர் அங்கேதான் ஒளிந்திருக்கும். கட்டி இரண்டாகப் பிளந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஹாரன் நின்றிருந்தது. பொறுமை இழந்து உள்ளே வந்த ஓட்டுநர் கட்டியைத் தடவிப் பார்த்தார். "உச்சி மட்டும் கொஞ்சம் மழுங்கியிருக்கே. மொட்டை போட்டீங்களா?"

"மேல் மாடி சூட்டுல போனதுப்பா அது," என்றார் முதலாளி, ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. "ஏத்து, ஏத்து."

கட்டிகள் ஒவ்வொன்றாகச் சறுக்கிக்கொண்டு லாரிக்குப் போயின. முதலாளி கலக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராத்திரி முழுக்க இது ஓடணும்னா?"

"இதுக்கு மட்டும் சின்னதா ஒரு பேட்டரி. அறை வேண்டாம், ஒரு அலமாரி போதும்."

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தில் ஒன்றைத் தேடிப் பிரித்து எடுத்து நீட்டினார். "மாடிப்படி கதவு சாவி. கூரையை அளக்கணும்னீங்களே."

வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "தம்பி, டேப்பை எடுத்துட்டு வா. வர்ற வழியில எந்தச் சுவிட்சையும் தொடாதே."