கிரீம்ஸ்பேட்டை வீட்டுக்கு இரண்டு பேர்

சமையலறை ஜன்னலைத் திறந்து, அம்மியை எந்த மூலையில் போடலாம் என்று இந்திராணி பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஜட்கா வந்து நின்றது.

வீடு இன்னும் அவளுடையதாகவில்லை. வருகிற வியாழக்கிழமை சித்தூர் ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்திரம் பதிய வேண்டியது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒண்டுக்குடித்தனத்திலேயே இருந்தவள். கிணற்றில் தண்ணீர் இழுக்கக்கூட வீட்டுக்காரியம்மாவின் முகம் பார்க்க வேண்டும். அவள் கணவன் திருமலை சித்தூருக்கும் திருப்பதிக்கும் பஸ் ஓட்டிச் சேர்த்ததில் இப்போதுதான் ஒரு வீடு கூடி வந்திருந்தது. வியாழக்கிழமைவரை பொறுக்காமல், வீட்டை விற்கும் வாத்தியாரிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜட்காவிலிருந்து சரிகை அங்கவஸ்திரத்தோடு ஒரு பெரியவர் இறங்கினார்.

"யாரும்மா நீ?"

"இந்த வூட்ட வாங்கப்போறவங்க."

"அப்டியா? நான் இத்த வாங்கி மூணு வருஷமாவுதே!"

இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். விற்பனை ஒப்பந்தம். முன்பணம் வாங்கிக்கொண்டு, வீட்டை நாராயணசாமி முதலியார் என்கிற அந்தப் பெரியவருக்கே கொடுப்பதாக வாத்தியார் கிருஷ்ணப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.

"திருப்பதியில என் ஜவுளிக்கடைய கேட்டா யாரும் சொல்வாங்க. அவன்கிட்ட சொல்லிவை. என்னைக் கேக்காம வித்தா கோர்ட்டுதான்."

ஜட்கா போய்விட்டது. இந்திராணி திறந்த ஜன்னலைச் சாத்தக்கூட மறந்து வக்கீல் வீட்டுக்கு ஓடினாள்.

வக்கீல் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசுகிறவர். "தெலியாம வாங்கியிருந்தா வேறம்மா. இப்போ உனக்குத் தெலிசி போயிந்தி கதா? தெரிஞ்சே வாங்கினா, நாளைக்கு அவர் கேசு போட்டு வீட்டைத் தன் பேருக்கு எழுதித்தரச் சொல்லலாம். அவர் கையாலயே அந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணிக் கொடுத்தா ஒரு தொந்தரவும் இல்ல."

சாயங்காலம் திருமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் கலங்காதவன். கோர்ட்டு என்றதும் குரல் இறங்கிவிட்டது. "உட்டுடு. வேற வூடு பாக்கலாம்."

"அந்த வூட்டுக்கும் ஒருத்தரு ஜட்காவுல வந்தா?"

மறுநாள் காலையிலேயே அவள் வாத்தியாரிடம் போய் நின்றாள். நகரியில் பிறந்து, சித்தூர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் கிருஷ்ணப்பா. திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று முடிவானதும், அங்கே இருக்கும் மகளோடு போய்விட மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"எழுதிக் குடுத்தது நெஜந்தான்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே. "ஆறே மாசத்துல மிச்சத்தக் கட்டி முடிக்கிறேன்னான். அப்புறம் பேச்சு மூச்சே இல்ல. முன்பணம் அப்டியே கெடக்குது. நானா போயி அவன் கால்ல வுழணும்?"

"ஏன் சார் பேச்சு நின்னுபோச்சு?"

மூட்டையின் முடிச்சை இறுக்கினார். பிறகு சொன்னார். இரண்டு பேரும் நகரியில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இரண்டு ராஜ்யத்துக்கும் எல்லை பிரிக்கும் விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது ஒரே பஸ்ஸில் சேர்ந்து போனார்கள். அங்கே போனதும் வாத்தியார் நகரியைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போட்டார். திருப்பதியில் வியாபாரம் இருப்பதால் நாராயணசாமி ஆந்திராவோடு இருக்கச் சொல்லும் மனுவில் போட்டார். திரும்பி வருகையில் வேறு வேறு பஸ்.

"அவன் பக்கந்தான் ஜெயிச்சுது. நகரி இங்கியே நின்னுபோச்சு" என்றார் வாத்தியார். "அத்த வேற சொல்லிக் காட்டுவான்."

இந்திராணிக்குச் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. ஜட்காவில் வந்த மனிதர் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீடு வேண்டும் என்று வந்தவர் கிணற்றையாவது பார்க்க மாட்டாரா?

"சார், நாளைக்கு என்னோட எங்க வூட்டுக்காரரு பஸ்ஸுல திருப்பதிக்கு வர்றீங்க. முதலியார் கையெழுத்து இல்லாம நீங்களும் திருத்தணி போவ முடியாது, நானும் குடி வர முடியாது."

"வர்றேன். ஆனா ஒரு வார்த்த பேச மாட்டேன்."

சொன்னபடியே வாத்தியார் சந்திரகிரி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அங்கே கோட்டை கண்ணில் பட்டதும், என்னென்ன பேசமாட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். திருமலை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டான்.

ஜவுளிக்கடையில் நாராயணசாமி மெத்தையில் உட்கார்ந்திருந்தார். நண்பரைக் கண்டதும் ஒரு புடவையை விரித்து, அதிலே ஏதோ பழுது தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார். வாத்தியார் தெருப் பக்கம் திரும்பி நின்றார்.

"ஏம்மா, கூட வந்தவர் ஒக்காருவாரா, நின்னுக்கினே இருப்பாரான்னு கேளு" என்றார் முதலியார்.

"ஒக்காரச் சொன்னா ஒக்காருவேன்னு சொல்லும்மா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம விக்கலாமான்னு கேளு."

"மூணு வருஷமா யாரு வாயில கொழுக்கட்டன்னு கேளு."

இந்திராணி இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழுத்தைத் திருப்பி ஓய்ந்துபோனாள். கடையில் புடவை பார்க்க வந்த பெண்கள் விலை கேட்பதை விட்டுவிட்டு இதையே பார்த்தார்கள்.

"நன்றி கெட்டவன்மா!" என்றார் முதலியார். "நகரி ஆத்துல வெள்ளம் வந்தப்ப இவன் முழுகிப் போனான். நான்தான் குடுமியப் புடிச்சு இழுத்து..."

"அடப் பொய்யா!" வாத்தியார் சுழன்று திரும்பினார். "முழுகுனது நீ! இழுத்தது நான்! உன் குடுமி பாதி என் கையோட வந்துடுச்சே, மறந்துட்டியா?"

முதலியாரின் கை தன்னையறியாமல் பின்மண்டைக்குப் போனது. அடுத்த நொடி அவர் தொந்தி குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். வாத்தியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது; அதை மறைக்க இருமப் பார்த்தார், முடியவில்லை. மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்து நண்பரின் முதுகில் ஓர் அடி வைத்தார்.

"வூடு வேணுமாடா உனக்கு?"

"எனக்கு எதுக்குடா வூடு? பக்கத்துல நீ இருப்பன்னுதான் சித்தூர்ல வாங்கப் பாத்தேன். நீயே இல்லாத ஊர்ல வூட்ட வெச்சி நான் இன்னா பண்றது?" முதலியார் விரித்த புடவையை மடிக்க ஆரம்பித்தார். "இப்ப வேற ராஜ்யத்துக்கே போற."

"இங்க ரயில் ஏறுனா திருத்தணி. ராஜ்யம் மாறுனா தண்டவாளத்தையா பேத்துடுவாங்க?"

அன்றைக்கே வக்கீல் சொன்னபடி ரத்துப் பத்திரம் எழுதினார்கள். வாத்தியார் திருப்பிக் கொடுத்த முன்பணத்தை முதலியார் எண்ணாமலே பெட்டியில் போட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடாமல் பிடித்து உட்கார வைத்தார். "நல்லாத் துன்னும்மா. உன் தொண்டை ரொம்பப் பாடுபட்டுச்சு" என்று இந்திராணியின் இலையில் அவரே வடையை வைத்தார்.

வியாழக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸில் நாராயணசாமியே முதல் சாட்சியாக இருந்தார். கையெழுத்தைப் பத்திரத்தின் ஓரம்வரை இழுத்துப் பெரிதாகப் போட்டார்.

பால் காய்ச்சின அன்று கிரீம்ஸ்பேட்டை வீட்டில் சாமான்களைவிட ஆட்கள்தான் அதிகம். இரண்டு பெரியவர்களும் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சத்தியவேடு எந்த ராஜ்யத்துப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள். திருமலை ஒன்றும் புரியாமலே இருவருக்கும் தலையாட்டினான். அடுப்பில் பால் நுரைத்துப் பொங்கியது. "பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு!" என்று இந்திராணி கூவியது தெருக்கோடிவரை கேட்டது.