வெள்ளிமுதுகுக்காரர்

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் யதுர்ஷா தந்த பரிசு: உகண்டாக் காட்டில் கொரில்லாக் குடும்பம் ஒன்றைப் பார்த்து வருவது. ஒஸ்லோ நகரின் ஓரத்தில், வெஸ்ட்லியில் இருக்கிற மனுசனுக்கு ஒரு கேக் காணாதா? ஆனாலும் உள்ளுக்குள் புளுகம்தான், அப்படியொரு சந்தோசம். புதுச் சப்பாத்து வாங்கி, வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டில் ஏறி இறங்கிப் பழகினேன்.

ஒஸ்லோ விமான நிலையத்தில்தான் விசயம் வெளித்தது. அங்கே பயணப்பையோடு அருட்செல்வம் நின்றான்.

அவன் யதுர்ஷா விரும்பிய பொடியன். கணினி வேலை. தமிழன்தான், ஆனால் மதுரைக்காரன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு போன் எடுத்து, "அங்கிள், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றான். எங்கள் பக்கம் பேசுவதென்றால் ஏசுவது. என்னைப் பேச இவன் ஆர்? போனை வைத்துவிட்டேன்.

"அவையளுக்குப் பேசுறதெண்டால் கதைக்கிறது. நீங்கள் படம் பாக்காத ஆளோ?" என்று மனைவி யோகராணி பொரிந்து தள்ளினாள். எனக்குத் தெரியாதா என்ன! ஆனால் வந்த கோபத்தைச் சும்மா விடலாமா? அவனை வீட்டு வாசல் மிதிக்க விடவில்லை. மகளும் என் பிள்ளையல்லவா, ஒரே பிடி: "அப்பா ஓமெண்டு சொன்னாத்தான் கலியாண எழுத்து, கையெழுத்து எல்லாம். இல்லாட்டி நான் இப்பிடியே இருப்பன்."

விமான நிலையத்தில் அவனைக் கண்டதும் திரும்பிப் போயிருப்பேன். சப்பாத்து வாங்கின ஆசை விடவில்லை.

உகண்டா மலையில் ஒரே சேறு. வழுக்கிய இடத்தில் அருட்செல்வம் கை நீட்டினான். நான் பக்கத்திலிருந்த, தொட்டால் எரியும் காஞ்சோண்டிச் செடியைப் பிடித்தேன். கை கொதித்தது, மானம் தப்பியது.

வழிகாட்டி எங்களை நிறுத்தி முகக்கவசம் போடச் சொன்னார். "இது மனிதருக்குப் பழகிய குடும்பம். அதற்கே வருடக்கணக்காய் ஆட்கள் நாள்தோறும் வந்து தூர இருந்துவிட்டுப் போனார்கள். என்றாலும் முதுகு நரைத்த பெரிய ஆண், அந்த வெள்ளிமுதுகுக்காரர்தான் தலைவர். அவர் சீறினால் ஓடக்கூடாது. குந்துங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், தொண்டைக்குள் மெல்ல முனகுங்கள்" என்றார். பாவம், இப்படியான ஒரு மனுசனோடு அந்தக் குடும்பம் எப்படித்தான் காலம் தள்ளுகிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

குட்டிகள் கொடியில் தொங்கின. தாய் தண்டு உரித்துத் தின்றது. திடீரென்று பெரியவர் நெஞ்சில் அறைந்துகொண்டு, பற்றை முறிய எங்களை நோக்கிப் பாய்ந்தார். ஐயோ, நான் மரம் மாதிரி நின்றுவிட்டேன்! வழிகாட்டிதான் தோளில் அமத்தி என்னைக் குந்தவைத்தார். அதற்கு முன்பே யதுர்ஷாவும் அருட்செல்வமும் கீழே. தலை குனிந்து, கண் நிலத்தில், இரண்டு பேரும் ஒரே மாதிரி "ம்ம்... ம்ம்..." என்றார்கள்.

பெரியவர் நின்றார். பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து இலை தின்னத் தொடங்கினார்.

"எங்கை பிள்ளை இதைப் பழகினீங்கள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"வீட்டிலைதான் அப்பா" என்றாள் யதுர்ஷா. "எண்டைக்காவது நீங்கள் இவரை வீட்டுக்குக் கூப்பிட்டால் உதவுமெண்டு, இவருக்கும் நான்தான் பழக்கினனான்."

கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. வெட்கம் வந்தது, பின்னால் அழுகையும். முகக்கவசம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"எழும்பும் தம்பி" என்றேன். "கலியாண எழுத்தை எப்ப வைப்பம்?"

அருட்செல்வம் அசையவில்லை. எழும்பலாமா என்று முதலில் வழிகாட்டியைக் கேட்டான்.