அவரைவிட ஒரு அடி

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தோற்பது பிடிக்காது. யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அவர் கதை கொஞ்சம் வேறு. பழுது பார்த்து முடித்த லிஃப்டில் கூட வேலை செய்பவரை ஏற்றி அனுப்பிவிட்டு, தான் படிக்கட்டில் இறங்கி ஓடுவார். கீழே யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான்கு மாடி என்றால் அவர் ஜெயிப்பார். எட்டு மாடி என்றால், "படியைக் கட்டினவனுக்குக் கணக்குத் தெரியல" என்பார். மைத்துனர் ஒரு பல் பிடுங்கியதாகச் சொன்னால், இவர் மயக்க ஊசி போடாமல் இரண்டு பல் பிடுங்கிய கதையை எடுப்பார்.

"தூங்குறதுல போட்டி வெச்சாலும் முழிச்சிருந்து ஜெயிப்பீங்க" என்று மனைவி கேலி செய்வாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவள். பஸ் வரிசையில் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டாலே வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற ரகம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயதில் பக்கவாதம் வந்தது. பன்னிரண்டாவது மாடிக்கு மேலே, மெஷின் ரூமில், கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகு, மனைவி தினமும் அங்கேயே பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனாள். நீளமான கூடம். நடுவில் இரண்டு இரும்புக் கம்பிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அவர் சக்கர நாற்காலியில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். பிசியோ பெண் கெஞ்சினாள், அதட்டினாள். அவர் சுவரைப் பார்த்தார். இப்படியே ஒரு மாதம் போனது.

அப்புறம் பேக்கரிக்காரர் வந்தார். கிட்டத்தட்ட அதே வயது, அதே வலது பக்கம். கூடவே அவருடைய மகள். பேக்கரிக்காரர் வியர்க்க விறுவிறுக்கக் கம்பியைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து, உட்கார்ந்தார்.

"எத்தன?" என்றார் மெக்கானிக். அந்த ஒரு மாதத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"எட்டு" என்றாள் பிசியோ பெண்.

மறுநாள் அவர் ஒன்பது அடி நடந்தார். மனைவி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பிசியோ பெண் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் இருவர் கணக்கையும் எழுத ஆரம்பித்தாள். பன்னிரண்டு, பதிமூன்று. பதினாறு, பதினெட்டு. பேக்கரிக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. "நான் விடியக்காலைல மூணு மணிக்கு எந்திரிச்சு மாவு பிசைஞ்சவன்யா" என்பார். "அதான் கையி போச்சு" என்பார் இவர். இருவரும் கோணல் வாயால் சிரிப்பார்கள். மனைவியும் அந்த மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது.

எந்த நாளில் அது திரும்பியது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. வீட்டில் பீரோவைப் பிடித்துக்கொண்டு அவர் தனியாக நடந்து பழகுவது தெரிந்தது. கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கியது. ஓய்வெடுக்கச் சொன்னால், "அந்த ஆளு இப்ப என்ன செஞ்சுட்டிருப்பான் தெரியுமா?" என்பார். ஒருநாள் பேக்கரிக்காரர் கால் மடங்கிக் கம்பியில் மோதிக்கொண்டார். உதட்டில் ரத்தம். மெக்கானிக் சிரித்தார், சத்தமாக. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிசியோ பெண் பலகையை அழித்தாள். "இனிமே நேத்தைய உங்களோட நீங்க போட்டி போடுங்க சார்" என்றாள்.

"நேத்தும் நான்தானே? அப்ப தோத்தது யாரு?" என்றார் அவர்.

அன்று மாலை பேக்கரிக்காரரின் மகள் மெக்கானிக்கின் மனைவியை வராந்தாவுக்குத் தனியே அழைத்துப் போனாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா தூக்கத்துல நம்பர் எண்ணுறாரு. பிரஷர் எகிறுது. டாக்டர் திட்டுறாரு. நாங்க காலைல வந்துடறோம், நீங்க மத்தியானம் வாங்க. ரெண்டு பேரும் பாத்துக்கவே வேணாம்."

அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சரியாக இல்லை. காலிக் கம்பியைப் பார்த்த முதல் நாள் அவர் பத்து அடியில் உட்கார்ந்தார். இரண்டாம் நாள் நாலு. அப்புறம் மறுபடியும் சுவர்.

"எனக்காக நடங்க" என்றாள் வீட்டில், அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

அவர் இடது கையைச் சட்டைக்குள் நுழைத்தார். "உன்கிட்ட என்னத்த ஜெயிக்கிறது? நீதான் எல்லாத்தையும் விட்டுக்குடுத்துடுறியே."

முப்பது வருஷம் விட்டுக்கொடுத்ததெல்லாம் குற்றமாகிவிட்டது போல இருந்தது அவளுக்கு. அந்த ஆள் இருந்தால் இவர் உடைந்துபோவார். இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். அது எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் கூடத்துக்குள் நுழையும்போதே சொன்னாள்: "பேக்கரிக்காரர் காலைல இருபத்தாறாம்."

அவர் நிமிர்ந்தார். "யார் சொன்னா?"

"ரெஜிஸ்டர்ல பாத்தேன்."

அன்று இருபத்தேழு நடந்தார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு பொய். மருந்து அளப்பது போல அளந்து சொன்னாள். முந்தைய நாள் இவர் நடந்ததைவிட இரண்டு கூட, அதற்குமேல் கிடையாது. கால் வீங்கியிருந்தால், "அவருக்கு இன்னைக்கு லீவாம்" என்பாள். அவரும் ஓய்வெடுப்பார். வீக்கம் வடிந்தது. முகம் தெளிந்தது. பிசியோ பெண்கூட, "இதுதான் சரியான அளவு" என்றாள். எப்படி என்று அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கம்பியை விட்டு நாலுகால் ஊன்றுகோலுக்கு வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைத் தன் கையில் பிடித்துவைத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் பேக்கரிக்காரரின் மகள் நின்றிருந்தாள். மனைவி கவனிப்பதற்குள் அவர் கவனித்துவிட்டார்.

"என்னம்மா, காலைல உங்கப்பா அறுபதாமே! நான் இன்னைக்கு அறுபத்திரண்டு. போய்ச் சொல்லு."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு மனைவியைப் பார்த்தாள்.

"அப்பா படுத்து இருபது நாளாச்சு சார். ரெண்டாவது தடவ வந்துடுச்சு. பேச்சு இல்ல. மேல மூணாவது மாடியில இருக்காரு."

இருபது நாள். பேக்கரிக்காரர் அசையாமல் கிடந்த நாளெல்லாம் இவள் அவரைப் பொய்க்கணக்கில் நடக்கவிட்டிருக்கிறாள். முப்பத்தெட்டு, நாற்பத்தி நாலு, ஐம்பத்தொன்று.

"என்னை மேல கூட்டிட்டுப் போ" என்றார் அவர்.

"வேணாங்க."

"கூட்டிட்டுப் போ."

எந்த லிஃப்டில் ஏறினாலும் அதன் சத்தத்தைக் கேட்டு ஒரு குறை சொல்பவர், அன்று மாடி எண்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பேக்கரிக்காரர் பாதியாகியிருந்தார். மூக்கில் குழாய். கண் திறந்திருந்தது. மெக்கானிக் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிக் கட்டிலருகே போய் நின்றார். ஆறுதல் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"அறுபத்திரண்டு" என்றார். பிறகு, "எந்திரிய்யா" என்றார்.

படுத்திருந்தவரின் கண் அவர் பக்கம் நகர்ந்தது. பக்கத்திலிருந்த மானிட்டரில் பிரஷர் நூற்று நாற்பத்தைந்து என்றிருந்தது நூற்று அறுபத்தெட்டாயிற்று.

"எந்திரி. நான் நிக்கிறேன்ல?"

நூற்று எண்பத்து நான்கு. இடது கையின் விரல்கள் போர்வையின்மேல் அசைந்தன. எழ முயல்கிறாரா, போ என்கிறாரா என்று மனைவிக்கு விளங்கவில்லை.

"போதும் சார்" என்றாள் மகள். "கும்பிட்டுக் கேக்கிறேன், வெளிய போங்க." நர்ஸ் ஓடி வந்தாள்.

ஆட்டோவில் வரும்போது அவர் கேட்டார்: "அப்ப அந்த அறுபது?"

"நான் சொன்னதுதான்."

திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீடு வருகிற நேரத்தில், "ரெண்டு ரெண்டாத்தான் கூட்டியிருக்க" என்றார். பாராட்டா, வருத்தமா? அதுவும் விளங்கவில்லை.

மறுநாள் நடக்க வரமாட்டார் என்று நினைத்தாள். வந்தார். அறுபத்திரண்டு அடி நடந்தார். அறுபத்திரண்டாவது அடியில் நாற்காலியைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் முடியுமே சார்?" என்றாள் பிசியோ பெண்.

"முடியும். அவரு வரட்டும்."

அதற்கு அடுத்த நாளும் அறுபத்திரண்டு. அந்த வாரம் முழுக்க அறுபத்திரண்டு. இப்படியே நின்றால் கெண்டைக்கால் இறுகிவிடும், அப்புறம் இந்த அறுபத்திரண்டும் இருக்காது என்று பிசியோ பெண் மனைவியிடம் தனியாகச் சொன்னாள். "நீங்க எடுத்துச் சொல்லுங்க." எதை எடுத்து, என்னவென்று சொல்வது? அவளிடமிருந்த ஒரே மருந்து அந்தப் பொய். இனி அது செல்லாது.

வாரம் ஒருமுறை கடையிலிருந்து அந்த மகளுக்குப் போன் செய்வாள். "அப்படியேதான்க்கா இருக்காரு" என்பாள் அவள். திட்டினால்கூடத் தேவலை. திட்டவும் மாட்டாள்.

ஒருநாள் பக்கத்தில் நடந்தபடி அவளே எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. இரண்டு அடி கூடட்டும் என்று, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி மறுபடியும், முப்பத்தொன்பது, நாற்பது என்றாள்.

அவர் நின்றார். "நாப்பது சொல்லிட்ட."

"சொல்லலியே."

"சொல்லிட்ட. நாப்பத்திரண்டுல இருக்கோம்."

அவள் நாற்பத்து மூன்று என்றாள். அவர் ஊன்றுகோலைத் தூக்கி வைத்தார். இன்னும் இருபது அடி தள்ளி நாற்காலி காத்திருந்தது. அவள் எண்ணிக்கொண்டே கூட நடந்தாள்.