கறி தின்ற ரத்தம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் சோற்றைக் கண்டாலே பயம். தட்டில் கை வைக்கும் முன்னே ஃபோனைத் தடவுகிறார்கள். எண்ணெய் ஆகாதாம், கொழுப்பு ஆகவே ஆகாதாம். தின்னப் பயந்தவன் எதற்கு உழைக்கிறான்?

என் தங்கை ஜெசிந்தாவின் புருஷன் அமலதாஸையும் அப்படி ஆக்கிவிட்டார்கள். இடது காலில் ரத்தம் கட்டி, உறையாமலிருக்க மாத்திரை தின்கிறான். கால் மறுபடி வீங்கியது. கட்டி நெஞ்சுக்கு ஏறினால் ஆளே போய்விடுவானாம். விழுப்புரத்து டாக்டர் தென்னரசு, ரத்தம் உறைகிற வேகத்தைச் சோதித்துத்தான் மாத்திரையைக் கூட்டுவேன் என்றார். அளவு தெரியாமல் கூட்டினால் ரத்தம் நிற்காமல் போய்விடுமாம்.

சோதனைக்கு வருகிற அன்று காலையில் இட்லி மட்டும் போதும் என்று சொல்லியனுப்பினார்கள். ரத்தம் கொடுக்கப் போகிறவனுக்கு இட்லியா? முதல் நாள் கோயில் திருவிழாவில் மிஞ்சிய பன்றிக்கறியை, நெய் மிதக்க, விடியும் முன்னே சுடவைத்து நான்தான் தின்னவைத்தேன். பிறகு திண்டிவனத்தில் மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில், ரத்தத்தை மெசினில் சுழற்றி எடுத்த வேணி என்கிற பெண் குழாயைத் தூக்கிக் காட்டினாள். மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணி பால் மாதிரி வெளுத்திருந்தது.

“மெசின் இத்தப் படிக்காதுங்க. காலைல என்னங்க சாப்பிட்டாரு?”

“பன்னிக்கறி. நீயா வாங்கிப் போட்ட?” என்றேன்.

டாக்டர் தென்னரசு வந்தார். மீசை சரியாக முளைக்காத ஆள். காயம் பட்டால் ஓடிவந்து அடைக்கிற துணுக்குகள் ரத்தத்தில் இருக்கின்றனவாம். இப்படிக் கொழுப்பைத் தின்றால் அவை சும்மாவே ஒட்டிக்கொள்ளப் பார்க்குமாம். மத்தி மீன் கொழுப்பு மட்டும் அப்படி ஒட்டவிடாதாம். கொழுப்பிலும் நல்ல ஜாதி, கெட்ட ஜாதி. வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் நின்றால் நல்லது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்; அதுவும் குற்றமாகிவிட்டது.

மாத்திரையைக் கூட்டவில்லை. பட்டினி போட்டுப் படுக்க வைத்தார்கள். ராத்திரியெல்லாம் ஜெசிந்தா வீங்கின அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் எடுத்த ரத்தம் தெளிந்திருந்ததாம். மாத்திரை பற்றவில்லை என்று தெரிந்து கூட்டினார்கள். ஒரு நாள் வீணாகிவிட்டது என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அமலதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“மச்சான், காலு எனுது. இனிமே நீங்க ஒண்ணும் எடுத்துக்கினு வராதீங்க.”

“இட்லி தின்னுக்கினே கெட, மாப்ள,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என்னோடு ஒரே இலையில் தின்று வளர்ந்த பயல். கொழுப்பு தின்றவனெல்லாம் ரத்தம் கட்டிச் செத்திருந்தால் எங்கள் தெருவில் ஒருத்தன் மிஞ்சியிருப்பானா? கேட்க ஆளில்லை. பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.