பறப்போர் அறக்கட்டளையின் முதல் ஆள்

பறப்பதற்கென்றே நடக்கும் அந்த அறக்கட்டளையில் பறக்காத ஒரே ஆள் அதன் செயலாளன்தான். மூன்றாவது மாடி பால்கனியில் நின்றாலே அவனுக்கு உள்ளங்கால் கூசும். வேலைக்குச் சேரும்போதே இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தான். அறங்காவலர்கள் மகிழ்ந்துபோனார்கள். அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாம், காற்று நன்றாக வீசிய நாளில் நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு மலைக்குப் போனவர்கள்.

வீட்டில் விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"தர்மம்னா சோறு போடுவாங்க, படிக்க வைப்பாங்க. மனுஷனை மலையிலேர்ந்து தள்ளி விடறதுக்கு ஒரு அறக்கட்டளையா?" என்றாள் அக்கா.

"தள்ளி விடறதில்ல. அவங்களே ஓடிப்போய்க் குதிப்பாங்க."

"அதுக்கு உனக்குச் சம்பளமா?"

"ஆமா."

"சரி, வாங்கிக்கோ. நீ மட்டும் ஓரமா நில்லு."

ஓரமாகத்தான் நின்றான். டயர் கடையின் மாடியில் அலுவலகம். கீழே நாள் முழுக்கச் சக்கரங்களுக்குக் காற்றடிப்பார்கள். மேலே இவன் காற்றை நம்பி வாழ்பவர்களுக்குக் கணக்கு எழுதுவான். வசதியில்லாதவர்களுக்கு இலவசப் பயிற்சி, இரவல் ஹெல்மெட், சக்கர நாற்காலியில் இருப்பவர்களை, ஓடாமலே கிளம்ப உதவும் உருளை வண்டியில் உட்காரவைத்துப் பறக்கக் கூட்டிப்போவது என்று அறக்கட்டளை உண்மையிலேயே நல்ல காரியங்கள் செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆதாரம் மலையடியில் இருந்த ஒரு புல்வெளி. சுற்றுவட்டாரத்தில் கல்லும் மின்கம்பியும் இல்லாத ஒரே சமதரை அதுதான். அங்கே இறங்க முடியாவிட்டால் மலையிலிருந்து கிளம்பவே முடியாது. அப்புறம் அறக்கட்டளை எதற்கு, செயலாளன் எதற்கு?

அறங்காவலர்கள் ஐந்து பேர். தலைவர் பல் டாக்டர். அலுமினியக் குழாய்களில் துணி இழுத்துக் கட்டிய ஹாங் கிளைடரில் குப்புறப் படுத்துப் பறப்பார். கீழே இருக்கும் டயர் கடைக்காரர், பேக்கரி அக்கா உட்பட மற்ற நால்வரும் குடைபோல் விரியும் பாராகிளைடர்காரர்கள். அவர் இவர்களுடையதைப் பெட்ஷீட் என்பார். இவர்கள் அவருடையதைக் கொட்டகை என்பார்கள். ஒரே ஒரு விஷயத்தில் ஐவரும் ஒன்று. யாரும் முதலில் பறக்க மாட்டார்கள்.

இது கோழைத்தனம் இல்லை, தொழில்முறை. காற்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் போகிறவர் மேலே ஏறினால் காற்று தூக்குகிறது என்று பொருள், மற்றவர்கள் பின்னாலேயே பாய்வார்கள். கல்லைப்போல் கீழே இறங்கினால் அவருக்குக் கைகாட்டிவிட்டு ரொட்டி சாப்பிடுவார்கள். அந்த முதல் ஆளுக்குப் பலியாடு என்று பெயர். அந்தக் காலத்தில் தினமும் ஒரு ஆடு கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லோரும் அனுபவசாலிகள் ஆகிவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் மலையோடு நிற்கவில்லை. கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தால் ஐந்து பேரும் மேசையைப் பார்ப்பார்கள், பிறகு ஜன்னலைப் பார்ப்பார்கள். மூடி உடைந்த கெட்டிலை மாற்றும் தீர்மானம் போன கோடையிலிருந்து ஒத்திவைப்பில் இருந்தது.

இப்படி இருக்கையில்தான் புல்வெளிக்குச் சொந்தக்காரியான பால்பண்ணை அம்மா படியேறி அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, உங்க ஆளுங்க பறக்கறதே இல்லையாமே? மலைமேல நின்னு கதை பேசிட்டு காரெடுத்துட்டுப் போயிடறாங்களாம். பக்கத்து நிலத்துல இருக்கற என் கொழுந்தனார் சொல்றார்."

"இல்லம்மா, பறப்பாங்க..."

"போன மாசம் எத்தனை பேர் வந்து இறங்கினாங்க?"

செயலாளன் மேசையைப் பார்த்தான். பழக்கம் அவனுக்கும் தொற்றியிருந்தது.

"அந்த இடத்துல மரம் அடுக்கிக்கறேன்னு அவர் கேக்கறார். சும்மா கிடக்கறதுக்கு அவராவது வெச்சுக்கட்டுமே. சனிக்கிழமை நான் மேல வரேன். என் கண்ணு முன்னால பறந்தா இடம் உங்களுக்கு. இல்லேன்னா மரத்துக்கு."

சனிக்கிழமை ஐவரும் ஹெல்மெட் மாட்டி, இறக்கைகளை விரித்து, பட்டைகளை இறுக்கி, உச்சியில் வரிசையாக நின்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பால்பண்ணை அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்.

"டாக்டர், நீங்க போங்க. பெரியவரு," என்றார் டயர் கடைக்காரர்.

"எனக்கென்னப்பா! ஆனா காத்து இடது பக்கம் இழுக்குது. உன் பெட்ஷீட்டுக்குத்தான் தோதா இருக்கும்."

"என்னோடது லேசாக் கிழிஞ்சிருக்கு, டாக்டர்."

"போன வாரமே தைச்சேன்னியே?"

"தையல் காயணும்ல?"

எல்லோரும் பேக்கரி அக்காவைப் பார்த்தார்கள். அவருடையது இரட்டை ஆள் இறக்கை. பயிற்சிக்கு வருபவர்களை முன்னால் கட்டிக்கொண்டு பறப்பவர்.

"நான் ரெடி. ஆள்தான் இல்ல. ஆள் மட்டும் இருந்தா இந்நேரம் கீழ போயி டீ குடிச்சிருப்பேன்," என்றார் பேக்கரி அக்கா நிம்மதியாக.

ஆரஞ்சு தீர்ந்தது. பால்பண்ணை அம்மா தோலை ஒரு பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சரி தம்பி. பாத்தாச்சு. நல்லாத்தான் நிக்கறாங்க."

அவர் காரை நோக்கி நடந்தார். செயலாளனுக்குக் காலியான புல்வெளி தெரிந்தது, அதில் அடுக்கிய மரம் தெரிந்தது, உருளை வண்டியோடு அடுத்த வாரம் வரப்போகிறவர்கள் தெரிந்தார்கள். வீட்டில் இருக்கும் அக்காவின் முகமும் தெரிந்தது.

"பேக்கரி அக்கா, ஆள்தானே வேணும்? நான் வரேன்."

பேக்கரி அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "நீயா? உனக்குப் பால்கனியே ஆகாதே!"

"ஆகாதுதான். மாட்டுங்க."

கார்க் கதவைத் திறந்த பால்பண்ணை அம்மா அப்படியே நின்றார். பட்டைகளை மாட்டிவிட டாக்டரே ஓடிவந்தார். ஆடு கிடைத்த மகிழ்ச்சியை அவரால் மறைக்க முடியவில்லை. "ஓடு" என்றார் பேக்கரி அக்கா. ஓடினான். தரை முடிந்த பிறகும் கால்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

"நிறுத்துப்பா, போதும். காத்துல ஓடி என்ன ஆகப்போகுது? கண்ணைத் திற."

"திறந்துதான் இருக்கு."

"பொய் சொல்லாத. இவ்வளவையும் நான் ஒருத்தியா பாக்கணுமா?"

திறந்தான். காற்று அவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தது.  பின்னால் திரும்பிப் பார்த்தால் டாக்டர், டயர் கடை, மற்றவர்கள் எல்லாம் வரிசையாகக் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

கீழே புல்வெளி கைக்குட்டை அளவில் கிடந்தது. அதன் மூலைக்கற்கள் நாலையும், மேலிருந்து தெரியட்டும் என்று வெள்ளையடித்தவன் அவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிடைத்த முதல் வேலை. கொழுந்தனார் நிலத்தை ஒட்டிய மூலைக்கு அதன்பிறகு அவன் போனதில்லை. ஆள் உயர முள்புதர் வளர்ந்துவிட்டது. பயத்தை மறக்கக் கற்களை எண்ணினான். மூன்று கற்கள் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தன. நாலாவது, கொழுந்தனாரின் மரக்குவியல்களுக்கு நடுவே, வேலிக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று நின்றது. வேலி அந்த இடத்தில் விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி புல்வெளிக்குள் தள்ளியிருந்தது.

இறங்கிய வேகத்தில் முழங்காலில் சறுக்கி, புல்லில் மல்லாந்தான். காரில் வந்து சேர்ந்த பால்பண்ணை அம்மா குனிந்து பார்த்தார்.

"அழுதியா?"

"கண்ணுல காத்து."

"இருக்கட்டும். பரவால்ல, பறக்கத்தான் செய்யறீங்க."

"அம்மா, உங்க நாலாவது கல்லு வேலிக்கு அந்தாண்ட இருக்கு."

அவர் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு முள்புதரை விலக்கிக்கொண்டே போனார். வேலிக்கு அப்பால், மரங்களுக்கிடையே, அவன் அடித்த வெள்ளை. அதைப் பார்த்ததும் போனை எடுத்தார்.

"கொழுந்தனாரே, எங்க இருக்கீங்க? கொஞ்சம் வேலிப்பக்கம் வாங்க... இல்ல, புதர்ல எப்படித் தெரியும்? மேலேர்ந்துதான் தெரிஞ்சுது... யாருன்னா? அதான், பறக்கறதே இல்லன்னு சொன்னீங்களே, அவங்கதான்."

போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"இடம் உங்களுக்குத்தான். ஆனா மாசம் ஒருவாட்டி மேல போயி என் கல்லெல்லாம் இருக்கான்னு பாத்துச் சொல்லணும்."

"தாராளமா. டாக்டரை அனுப்பறேன்."

"அவர் நிப்பாரு. நீ போ."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் முழங்காலில் இருந்த புல்கறையை அக்கா கவனித்தாள். "ஓரமாத்தானே நின்ன?" என்றாள்.

"ஓரத்துலதான் நின்னேன்," என்றான். அதற்கு அப்புறம் நடந்ததை அவள் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் பல் டாக்டர் செயலாளனின் துணிச்சலைப் பாராட்டினார். ஐவரும் கைதட்டினார்கள், ஆனால் பேக்கரி அக்கா ஆரம்பித்த பிறகுதான். அடுத்து கெட்டில் விவகாரம் வந்தது.  யாரும் மேசையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"மாத்திடலாம்," என்றான்.

ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன.