பெண்கள் பக்கத்துக்கு ஒரு சிலைடு

கோட்டுச்சேரியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் திரையரங்கை அடுத்த வாரம் இடிக்கவிருக்கிறார்கள். அதன் வரலாற்றைச் சில பக்கங்களில் எழுதித் தருமாறு நூலக வாசகர் வட்டத்தினர் அன்புடன் கேட்டுக்கொண்டனர். மறுக்கத் தெரியாத காரணத்தால் ஒப்புக்கொண்டேன். செய்தியறிந்த பக்கத்து வீட்டுச் சித்திக்கா அம்மா, "நீங்க போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க டீச்சர். சிலைடு எழுதுன சிவநாதன்தான் இப்பக் காவலுக்கு இருக்காராம். அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

என்ன கேட்க வேண்டுமென்பதை வழியிலேயே சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு முன், திருமணமான இருபத்திரண்டாம் நாள், கணவர் தௌஹீத்துடன் பகல் காட்சிக்கு வந்திருக்கிறார். அந்நாளைய வழக்கப்படி அவர் ஆண்கள் பக்கத்திலும், இவர் குட்டைச் சுவருக்கு இப்பால் பெண்கள் பக்கத்திலும் அமர்ந்தார்கள். இடைவேளைக்குப் பின் படம் நின்று, கண்ணாடியில் மையால் எழுதிய வரி திரையில் தோன்றியது: 'தௌஹீத் உடனே வெளியே வரவும்.' யாரோ தேடி வந்திருப்பார்கள் என்றெண்ணி இவர் படத்தைத் தொடர்ந்து பார்த்தார். முடிந்து வெளியே வந்தபோது கணவர் இல்லை. மறுநாள் காலை குவைத்துக்கு விமானம் என்று ஏஜெண்டின் ஆள் வந்து சொல்ல, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பேருந்தில் ஏறிவிட்டிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாஹ டீச்சர். கடுதாசில கேக்கலாம்னா, நான் எழுதுறதை மச்சினன் வாசிச்சுப் பாத்துட்டுத்தான் ஒட்டுவான். ரெண்டாம் வருசம் கடுதாசிக்குப் பதிலா மவுத்து சேதி வந்துச்சு. அங்கேயே அடக்கிட்டாங்க."

அதற்குள் திரையரங்கு வாசல் வந்துவிட்டது.

சிவநாதன் கதவைத் திறந்துவிட்டார். "வாங்க டீச்சர்! மூடுனதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் ரெண்டு பேரு சேர்ந்தாப்ல உள்ள வர்றீங்க. ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிரவா?" என்று சிரித்தார். நான் குறிப்பேட்டைப் பிரித்து, தொடங்கிய ஆண்டு, இருக்கைகளின் எண்ணிக்கை, பொங்கல் கூட்டம் என்று வரிசையாகக் கேட்டேன். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டேன்.

"டீச்சர் மரியாதை பாக்குறாங்க, கேக்க மாட்டாங்க" என்று சித்திக்கா அம்மா குறுக்கிட்டார். "நான் தௌஹீத் வீட்டுக்காரி. அவுஹளைச் சிலைடு போட்டுக் கூப்புட்ட அன்னைக்கு, என்னைத் தேடுனாஹளா?"

சிவநாதன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சாவிக்கொத்தை மேசையின் மேல் வைத்தார்.

"தேடுனாரும்மா. என் ரூமுக்கே வந்துட்டாரு. எம் பொஞ்சாதி பேரைப் போடுங்கன்னாரு. பொம்பளைங்க பேரைத் திரையில போடுற வழக்கமில்லைங்க, நாளைக்குப் பள்ளிவாசல்லேர்ந்து ஆள் வந்து கேப்பாங்கன்னேன். இருட்டுல ஆம்பளை அந்தப் பக்கம் போகவும் கூடாது. பொம்பளைங்க வாசல்ல நின்னு கூப்புட்டு விடுற அமுதமும் அன்னைக்கு வேலைக்கு வரலை. அவரு கேக்கலை. கண்ணாடிய எடுத்துத் தானே எழுதிட்டாரு."

"என்னன்னு?"

"'சித்திக்கா, சீக்கிரம் வா'ன்னு. வெளியே வரவும்னுதான் எழுதணும், வான்னு எழுதிட்டாரேன்னு இருந்துச்சு எனக்கு. ஈரத்துணியால துடைச்சிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு ஏஜெண்டு ஆளு கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான். அவரு மவுத்தாயிட்டாருன்னு கேட்டப்ப எனக்குச் சோறு எறங்கலை. வயசுப் பொண்ணு இருக்குற வீட்டுக்கு வந்து நான் எப்படிம்மா இதைச் சொல்ல?"

சித்திக்கா அம்மா கோபிப்பார் என்று அஞ்சினேன். அவர் குட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, பெண்கள் பக்கத்தில் எஞ்சியிருந்த ஒரே பெஞ்சில் போய் அமர்ந்தார். திரை இருந்த இடத்தில் காரை பெயர்ந்த சுவர் மட்டும் நின்றது.

"நீங்க போட்டிருந்தாலும் எழுந்திருச்சிருப்பேனான்னு தெரியலை" என்றார். "அத்தனை பேரு பாக்குறப்ப, இருபத்திரெண்டு நாள் பொண்ணு, எப்படி எழுந்திருப்பேன்? முக்காட்டை இழுத்து விட்டுட்டு உக்காந்துதான் இருந்திருப்பேன்."

பெஞ்சின் தூசியை உள்ளங்கையால் துடைத்தார்.

"ஆனா படிச்சிருப்பேன்ல."

சிவநாதன் தலைகுனிந்து நின்றார். நான் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். புறப்படலாமா என்று கேட்பது முறையாகத் தோன்றவில்லை. சித்திக்கா அம்மா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.