நாற்காலியில் போட்டால் துவைக்க

அறை மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு கொக்கி. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

"நாற்காலியில போட்டா துவைக்க. கொக்கியில மாட்டினா தொட மாட்டோம். இந்த வீட்டுல சட்டம்னு இருக்கறது அது ஒண்ணுதான்" என்றாள் விடுதிக்காரம்மா.

அறைக்குப் புதிதாக வந்தவள் தலையாட்டினாள். பதினான்கு மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தாள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பாள்.

தன் மொழி பேசும் வீடு என்பதால்தான் இந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தாள். கீழே குடும்பம், மேலே நான்கு அறைகள். விடுதிக்காரம்மா சமைத்தாள், துவைத்தாள். அவள் கணவர் முப்பது வருடம் கேஸ் சிலிண்டர் சுமந்து வீடு வீடாகப் போட்டவர். இப்போது படிக்கட்டு பல்புகளை மாற்றிக்கொண்டிருந்தார். மகள் போனில் அறைகளைப் பதிவு செய்தாள். மீதி நேரத்தில் இரண்டு பேரையும் கேலி செய்தாள்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவள் விடுதிக்காரம்மாவை அக்கா என்றாள். சிலிண்டர்காரரை அண்ணா என்றாள்.

"அம்மா அக்கா, அப்பா அண்ணா. அப்ப ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா? எனக்கு இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே" என்றாள் மகள்.

"வாயை மூடிக்கிட்டு சாப்பிடு" என்றாள் விடுதிக்காரம்மா.

"இல்ல, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. சித்தி, நீங்க அப்பாவை மாமான்னு கூப்பிடுங்க."

அப்படித்தான் அவர் மாமா ஆனார்.

அவள் தையல்காரி. துணி வெட்டுவதில் இருபது வருடக் கை. ஊரில் அக்கா புருஷனின் கடை. வெட்டுவது அவள், பலகையில் பெயர் அவருடையது. இந்த ஊர்க் கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. எழுதிப்போட்டாள். பதிலில் ஓர் அளவுச் சீட்டு இருந்தது. மார்பு நாற்பத்திரண்டு. இடது தோள் அரை அங்குலம் தாழ்வு. கோட்டை முடிக்க வேண்டாம், பாதித் தையலில் கொண்டுவரவும் என்று எழுதியிருந்தார்கள். முடித்த கோட்டு எல்லாத் தப்பையும் மறைத்துவிடும். சாக்பீஸ் குறிகளும், பிறகு உருவி எடுக்கவென்றே போடும் வெள்ளை நூல் ஓட்டும் எதையும் மறைக்காது. வேலை கிடைத்தால் வெட்டும் மேஜை அவளுடையது. மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

அன்றிரவு பெட்டியிலிருந்து அந்தக் கோட்டை எடுத்தாள். கொக்கியில் அவளுடைய மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் கோட்டை மாட்டி, தோளை நீவிவிட்டாள். எந்தத் தையல்காரியும் அதைத்தான் செய்வாள். நாற்காலி முதுகில் தோள் மடங்காது.

மறுநாள் கடைக்கு வழி பார்த்து வரப் போனாள். பஸ் நம்பர், இறங்குமிடம், எத்தனை நிமிடம். கடை வாசல் வரை போய், உள்ளே போகாமல் திரும்பினாள். வரச் சொல்லியிருந்தது அடுத்த நாள் காலை பத்து மணிக்கு.

மூன்று மணிக்கு அறைக்கு வந்தாள். கோட்டு கட்டிலில் இருந்தது. தேய்த்து, கை மடித்து, புதுச் சட்டை போல.

விடுதிக்காரம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

"எப்படி இருந்தது எப்படி ஆயிருச்சு பாத்தியா. எங்க பாத்தாலும் சுண்ணாம்பு மாதிரி கறை. லேசுல போகல. பல் தேய்க்கற பிரஷ் போட்டு ஒவ்வொண்ணா எடுத்தேன்."

அவள் கோட்டை விரித்தாள். கருநீலத் துணி. ஒரு குறி இல்லை.

"வெள்ளை நூலு வேற கன்னாபின்னான்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. எவனோ அரைகுறையாத் தச்சுக் கொடுத்து உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான். நூலை உருவினா கை ரெண்டும் கழண்டு வந்துருச்சு. பயப்படாத. மிஷின்ல போட்டு இறுக்கி அடிச்சுட்டேன். இனி ஜென்மத்துக்கும் பிரியாது."

அவள் கோட்டின் கைகளைப் பார்த்தாள். வலது கை இடது பக்கம் இருந்தது. இடது கை வலது பக்கம்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு அக்கா. ஒரு பிளேடு கிடைக்குமா?"

"எதுக்கு?"

"சின்னதா ஒரு மாத்தம்."

பிளேடு வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. யாரைத் திட்டுவது என்று யோசித்தாள். சட்டம் முதல் நாளே சொல்லப்பட்டது. அவள் தலையாட்டினாள்.

பிறகு அளந்தாள். துணி அரை அங்குலம் சுருங்கியிருந்தது. ஓரங்களில் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு வெட்டுவது அவள் வழக்கம். துணியை வீணாக்குகிறாள் என்று அக்கா புருஷன் இருபது வருடம் சொல்லியிருக்கிறார். இப்போது இடம் இருந்தது. வெட்டியதெல்லாம் அப்படியே இருந்தது. குறிகளும் ஓட்டும்தான் போயிருந்தன.

மிஷின் தையலைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. விடுதிக்காரம்மா சொன்னது சரி. அது பிரியும் தையல் இல்லை.

சுருங்கிய துணியைச் சீட்டை மட்டும் வைத்துத் திரும்பக் குறிக்க முடியாது. ஓர் ஆள் வேண்டும். மார்பு நாற்பத்திரண்டு, இடது தோள் தாழ்ந்த ஆள். கீழே படிக்கட்டில் சிலிண்டர்காரர் பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருடமும் இடது தோளில் சுமந்தவர்.

"மாமா, ஒரு அரை மணி நேரம் சும்மா நிக்க முடியுமா?"

"அதுக்குத்தானே ரிட்டயர் ஆனேன்."

கூடத்தில், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அளந்தாள். மார்பு நாற்பத்தொன்றரை. உள்ளே ஒரு பனியன் கூடப் போடச் சொன்னாள். தோள் முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது.

"மாமா, கொஞ்சம் தோளைத் தூக்குங்க. காலி சிலிண்டர் தூக்கற மாதிரி நில்லுங்க."

"இப்ப சரியா?"

"இது ஃபுல் சிலிண்டர்."

"அப்பா நடந்தா வாசல்ல இருந்து வலப்பக்கம் போறேன்னு சொல்லிட்டு இடப்பக்கம் போயிருவார். இப்பல்ல தெரியுது காரணம்" என்றாள் மகள்.

"நீ போய் போனை எடு. அடிக்குது."

"அடிக்கல."

"அடிக்கும். போ."

அவள் சாக்பீஸை எடுத்தாள். தோளில் ஒரு குறி. கை சேரும் இடத்தில் மூன்று. முதுகின் நடுவில் மேலிருந்து கீழே ஒன்று. கை பழகிய வேகத்தில் போனது. வெள்ளைக் குறிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய இடத்துக்கு வந்தன.

விடுதிக்காரம்மா டீத் தட்டோடு வந்தாள். நின்றாள். தட்டை மேஜையில் வைக்கவில்லை.

"அது நான் தேச்ச கறை" என்றாள்.

சிலிண்டர்காரர் காலி சிலிண்டரோடு நின்றார்.

"அந்த நூலும் வேணும்னுதான் போட்டதா?"

"ஆமா அக்கா."

"எப்ப வேணும்?"

"நாளைக்குக் காலையில. வேலைக்குக் காட்டணும்."

விடுதிக்காரம்மா தட்டை வைத்தாள். ஒரு கோப்பையில் டீ தளும்பித் தட்டில் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை போலும். மகள் எழுந்து வந்து துடைத்தாள்.

"என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீ."

"நீங்க மொதல்லயே சொன்னீங்க. நான்தான் நாற்காலியில போட்டேன்."

"அதுக்காக? இப்ப நீ வச்சிருக்கறதைப் பாத்தாத்தான் தெரியுது, கையை மாத்தி வச்சுத் தச்சிருக்கேன். பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்ற."

"தையல் நல்லாத்தான் இருந்துச்சு அக்கா. எனக்கே பிரிக்க ஒரு மணி நேரம் ஆச்சு."

விடுதிக்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஊசியில நூல் கோத்துக் கொடுக்கறேன். அதாவது செய்யறேன்."

"கண்ணு தெரியுமாம்மா உனக்கு?" என்றாள் மகள்.

"இல்லாத அழுக்கே தெரியுது. ஊசிக் காது தெரியாதா?"

தெரிந்தது. எட்டு மணிக்குள் நாற்பது ஊசி கோத்துக் கொடுத்தாள். அன்று சாப்பாடு மகள் செய்தது. உப்பு அதிகம். யாரும் சொல்லவில்லை. மகளே சொல்லிக்கொண்டாள்.

காலையில் தையல்காரி கோட்டை மடிக்காமல் கையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். விடுதிக்காரம்மா வாசலில் நின்றாள். கோட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூல் தொங்கியது. விடுதிக்காரம்மாவின் கை அதை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"போய்ட்டு வா" என்றாள்.

கடைக்காரர் மெலிந்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். கோட்டைப் பொம்மைக்கு மாட்டினார். சுற்றி வந்தார். துணியை இரண்டு விரலால் பிடித்து உருட்டினார்.

"துணி தண்ணியில போயிருக்கே."

சொல்லாமலும் இருக்கலாம். ஊரிலேயே நனைத்து வெட்டியது என்று சொன்னால் நம்புவார். நல்ல தையல்காரர்கள் அப்படி நனைத்துத்தான் வெட்டுவார்கள்.

"துவைச்சுட்டாங்க" என்றாள். "தங்கியிருக்கற வீட்டுல."

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தோள் ஓரத்தைத் திருப்பினார்.

"இது என்ன, மிஷின் போன ஓட்டை?"

"அதுவும் அவங்கதான். அழுக்குன்னு குறியை எடுத்தாங்க. கிழிசல்னு கையைத் தச்சாங்க."

அவர் ஓட்டைகளை விரலால் தொடர்ந்து போனார்.

"கையை மாத்தித் தச்சிருக்காங்களே. என்னைக்கு?"

"நேத்து."

"நீங்க இதைச் சரி பண்ணினது?"

"நேத்து."

டேப்பை எடுத்து அளந்தார். மார்பு, முதுகு, வலது தோள். இடது தோளை இரண்டு முறை அளந்தார். ஓரத்தில் உள்ளே விட்டிருந்த துணியைப் பார்த்தார். அது இப்போது ஓர் அங்குலம்தான் மீதி இருந்தது.

"அவங்களை வேலைக்கு எடுக்க மாட்டேன்" என்றார். "நீங்க திங்கக்கிழமை வாங்க மாஸ்டர்."

விடுதியில் விடுதிக்காரம்மா படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கேட்கவில்லை.

"திங்கக்கிழமையில இருந்து அக்கா."

விடுதிக்காரம்மா தலையாட்டினாள். துடைத்த படியையே திரும்பத் துடைத்தாள்.

அறையில் மழைக்கோட்டு கொக்கியிலேயே இருந்தது. ஓரமெல்லாம் பஸ் நிலையச் சேறு. அதை எடுத்துவிட்டுக் கோட்டைக் கொக்கியில் மாட்டினாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நேற்று வரை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை.

"நாற்காலியில ஏதாவது கெடக்கா?" வெளியிலிருந்தே கேட்டாள் விடுதிக்காரம்மா.

அவள் மழைக்கோட்டை நாற்காலியில் போட்டாள்.

"கெடக்கு அக்கா. உள்ள வந்து எடுத்துக்குங்க."